இரண்டு கைப்பிடிகள்

புல் வெட்டுகிற மெஷினில் ஏறி உட்கார்ந்ததும் ஈஸ்வரமூர்த்திக்கு முதலில் தோன்றியது, இருக்கை நன்றாக இருக்கிறது என்பதுதான். பல் டாக்டரின் நாற்காலி மாதிரி முதுகை முழுதாக வாங்கிக்கொண்டது. முழங்கை வைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் மெத்தை வைத்த தாங்கிகள், வலப்பக்கம் காபிக் கோப்பை வைக்க ஒரு குழி. புல் வெட்டிக்கொண்டிருப்பவன் எப்படிக் காபி குடிப்பான், இரண்டு கைக்கும் வேலை இருக்குமே என்று நினைத்தார். நினைத்ததும், இரண்டு கை என்கிற இடத்தில் வந்து மனம் தட்டி நின்றது. எதிரே ஸ்டியரிங் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று. காற்றுக்கு அந்தப் பக்கம் கடையின் பின்புறத்துப் புல்வெளியும் அதன் முடிவில் வெள்ளைப் பலகை வேலியும் தெரிந்தன. ஸ்டியரிங்குக்குப் பதிலாக, தொடைகளுக்கு மேலே வளைந்து வருகிற இரண்டு கைப்பிடிகள். வலது கைப்பிடி வலது பின்சக்கரத்துக்கு, இடது கைப்பிடி இடது பின்சக்கரத்துக்கு. இரண்டையும் ஒரே அளவு தள்ளினால் வண்டி நேராகப் போகும். ஒரு கை குறைந்தால் குறைந்த பக்கமே திரும்பும். ஒன்றைத் தள்ளி மற்றதை இழுத்தால் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். ஜீரோ டர்ன் என்று பெயர் வந்தது அதனால்தான். இதெல்லாம் அவருக்குப் பாடம். ஐந்து மாதமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். வேலி வரைக்கும் நூற்றைம்பது அடி இருக்கும் என்று கணக்குப் போட்டார். நூற்றைம்பது அடி நேராகப் போனால் போதும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் எக்செல் ஷீட் ஒன்று போட்டு வைத்திருந்தார், பதினான்கு பத்திகள். வெட்டும் அகலம், எஞ்சினின் குதிரைத்திறன், பெட்ரோல் டாங்க், சரிவில் எத்தனை டிகிரி வரை நிற்கும், பெல்ட் மாற்ற எவ்வளவு நேரம் ஆகும், எல்லாம் இருந்தது. ஒரு பத்தி மட்டும் இல்லை. ஸ்டியரிங் வைத்த ஜீரோ டர்ன் என்று ஒரு ஜாதி இருக்கிறது. காரைப் போலவே ஓட்டலாம், ஒரு கையாலேயே ஓட்டலாம், சரிவுக்கும் அதுதான் நல்லது என்கிறார்கள். பக்கத்து வீட்டு வால்டர் வைத்திருப்பது அதுதான். முதல் வாரமே ஈஸ்வரமூர்த்திக்கு அது தெரியும். தெரிந்தும் ஷீட்டில் ஏற்றவில்லை. ஏன் ஏற்றவில்லை என்று இப்போது தன்னையே கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் டாங்க்கின் மூடியைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாக அவர் செய்கிற வேலை, மற்றவர்கள் எழுதிய மென்பொருளைச் சோதிப்பது. எந்தச் சோதனை உண்மையைத் தேடுகிறது, எந்தச் சோதனை பாஸாவதற்கென்றே எழுதப்பட்டது என்று முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். சின்னப் பையன்களை அதற்காகத் திட்டியும் இருக்கிறார். அப்படிப்பட்ட ஆள் தனக்கென்று ஒரு சோதனையை, டாக்டரும் ஊசியும் இல்லாத சோதனையை, ஐந்து மாதமாக உட்கார்ந்து ரகசியமாக எழுதியிருக்கிறார். வலது கை சரியாக இருந்தால் மெஷின் நேராகப் போகும். மெஷின் நேராகப் போனால் கையில் ஒன்றுமில்லை. கையில் ஒன்றுமில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டாம், மனைவி வாணியிடம் சொல்ல வேண்டாம். சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. புல் வெட்டுகிற மெஷினிடம் போய் இதைக் கேட்கிற ஆள் உலகத்தில் வேறு யாராவது இருப்பானா என்று தோன்றியது. இருக்க மாட்டான். இருந்தால் அவனும் உடுமலைப்பேட்டைக்காரனாகத்தான் இருப்பான்.

நவம்பரில் ஆரம்பித்தது. ஆரம்பித்தது எப்போதோ, தெரிந்தது நவம்பரில். வாசல் மணியில் கேமரா வைத்திருக்கிறார்கள். யார் வந்தாலும் படம் பிடித்து போனுக்கு அனுப்பும். ஒரு நாள் மாலை ஆபீஸிலிருந்து வந்து சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது, வாசலில் யாரோ வந்ததாகப் போன் காட்டியது. எடுத்துப் பார்த்தால் அவரேதான், பத்து நிமிஷத்துக்கு முன்னால் காரிலிருந்து இறங்கி நடந்து வருகிறார். இடது கை வீசி வருகிறது. வலது கை வீசவில்லை. பையைத் தூக்கிக்கொண்டிருப்பது போல உடம்போடு ஒட்டி வருகிறது. கையில் பை இல்லை. யார் இந்தக் கிழவன் என்றுதான் முதலில் நினைத்தார். மூன்று தடவை போட்டுப் பார்த்தார். நான்காவது தடவை அழித்துவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. சட்டைப் பொத்தானில் மேலிருந்து இரண்டாவது மட்டும் நேரமெடுக்கிறது. கையெழுத்து சின்னதாகிறது, ஈஸ்வரமூர்த்தி என்று பெரிதாகத் தொடங்கி, கடைசி எழுத்துக்கு வரும்போது எறும்பாகிவிடுகிறது. டிவி பார்க்கும்போது கட்டைவிரல் தன் பாட்டுக்கு எதையோ எண்ணுகிறது. பார்த்தால் நின்றுவிடுகிறது, திருடனைப் பார்த்தது போல. இதெல்லாம் வயசு, இதெல்லாம் மவுஸைப் பிடித்துப் பிடித்து வந்தது என்று சொல்லிக்கொள்ள முடிந்தது, அண்ணன் செல்லமுத்து மட்டும் இல்லாமல் இருந்திருந்தால். அண்ணனுக்கு இப்படித்தான் தொடங்கியது. வலது கைதான். நரம்புத் தளர்ச்சி என்று லேகியம் கொடுத்தார்கள், தைலம் தேய்த்தார்கள், இரண்டு வருஷம் அப்படியே போனது. இப்போது ஏழு வருஷம். ஜவுளிக்கடையில் உட்கார்ந்து ஒரு இழுப்பில் ரெண்டு மீட்டர் துணியைக் கிழித்துக் கொடுத்த கை, இப்போது மடியில் பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்து துடிக்கிறது. அண்ணி ஊட்டிவிடுகிறாள். தை மாதம் வீடியோவில் பேசியபோது, ஸ்பூன் வாய்க்கு வருவதற்குள் அண்ணன் வாயை நாலு தடவை திறந்து மூடினார். ஈஸ்வரமூர்த்தி அதை எண்ணினார். எண்ணியிருக்க வேண்டாம்.

இந்த ஊரில் மறைப்பது சுலபம், அதுதான் ஆச்சரியம். அட்லாண்டாவுக்கு வடக்கே நாற்பது மைல் தள்ளி, வால்டருக்கும் ஆபீஸுக்கும் கடைக்காரர்களுக்கும் நடுவில், ஒரு மனிதன் எல்லாவற்றையும் இடது கையால் செய்யத் தொடங்கினால் யாருமே கவனிப்பதில்லை. இடது கையால் கதவைத் திறந்தார், கார்டைக் கொடுத்தார், காபியை நீட்டினார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். நம் ஆட்களிடம்தான் மாட்டினார். பிப்ரவரியில் சபாபதியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். சபாபதி காரைக்குடிப் பக்கத்துக்காரர். அவர் மனைவி உமையாள், வாணிக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே சிநேகிதி. பதினாறு வருஷப் பழக்கம். மூத்தவராக நீங்கள்தான் தட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சபாபதி கேட்டுக்கொண்டார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், புடவை எல்லாம் வைத்த வெள்ளித் தட்டு. இரண்டு கையாலும் ஏந்தித்தான் கொடுக்கப் போனார். ஏந்தியதும் வலது பக்கம் தட்டு மெல்லத் தாழ்ந்தது, தேங்காய் ஒரு சுற்று உருண்டது. உருண்டு விழுந்துவிடும் என்ற பயத்தில் வலது கையை எடுத்துவிட்டு, தட்டின் அடியில் இடது கையைக் கொடுத்து, ஒற்றைக் கையில், இடது கையில், மாப்பிள்ளையின் அப்பாவிடம் நீட்டிவிட்டார். தவிலும் நாதஸ்வரமும் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையின் அப்பா ஒரு நொடி கையை நீட்டவில்லை. அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் உமையாள் போனில் அழுதாள். சம்பந்தி வீட்டில் மனசு விட்டுப் போச்சாம், உங்க வீட்டு அண்ணனுக்குப் பிடிக்கலைன்னா முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றாள். அதற்கு வாணி பேசிய பேச்சு, சமையலறையில் உட்கார்ந்திருந்த ஈஸ்வரமூர்த்திக்கு முழுதாகக் கேட்டது. "எங்க வீட்டுக்காரரு அப்புடிப்பட்ட ஆளில்லைங்க. ஏதோ ஞாபகத்துல கொடுத்துட்டாரு. அதுக்குன்னு வேணும்னே செஞ்சாருன்னு சொன்னா எப்புடி? பதினாறு வருஷம் பழகி இவ்வளவுதான் தெரிஞ்சுதா உங்களுக்கு?" அதோடு பேச்சு நின்றது. இரண்டு மாதமாகிறது. அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம். எழுந்தார்கூட. எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க, உக்காந்துட்டே இருக்கீங்க. ஓட்டிப் பாக்கறீங்களா, இல்ல சினிமாப் பாக்கறீங்களா?" என்றாள் வாணி. அவள் பக்கத்து மெஷினின் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், தேங்காய் தட்டிப் பார்ப்பது போல. டேல் என்கிற விற்பனைக்காரர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு சிரித்தார். அறுபது வயதிருக்கும், தொப்பை மேல் பெல்ட் நிற்காமல் தோளில் மாட்டுகிற வார் போட்டவர். "அவசரமில்லை மேடம், அந்த இருக்கையில் உட்கார்ந்தால் எனக்கும் எழுந்திருக்க மனசு வராது. எத்தனை ஏக்கர் என்றீர்கள்?" என்றார். "இரண்டரை," என்றாள் வாணி. "என்ன புல்?" "அருகம்புல்லு," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, "பெர்முடா," என்று திருத்தினாள். இங்கே எல்லாரும் பெர்முடா என்று காசு கொடுத்துப் போடுகிற புல், பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான் என்று தெரிந்த நாளில் அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. இரண்டரை ஏக்கர் அருகம்புல்லுக்குச் சொந்தக்காரி. களைக்கொல்லி அடிக்கிறார்கள், சாமிக்கு ஆகாது என்று இவர் சொன்னபோது, வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி கயிறு கட்டி, இங்கே மருந்து அடிக்கக் கூடாது என்று பலகை வைத்தாள். முன்பொரு நாள் போனில் அண்ணனிடம் சொன்னபோது, இரண்டரை ஏக்கர் என்றதும் அவருக்கு என்ன வெள்ளாமை என்றுதான் கேட்கத் தோன்றியது. புல்லு. மாடு எத்தனை? மாடு இல்லை. "அப்ப புல்லு வளத்தி, அதை அறுக்கறதுக்கு ஒரு மெஷினு வாங்கி, அறுத்த புல்ல அங்கயே போட்டுட்டு வர்றே. ஏண்டா மூர்த்தி, அங்க உனக்கு வேலைக்குச் சம்பளம் குடுக்கறவன் இதெல்லாம் விசாரிச்சானா?" என்று அண்ணன் சிரித்தார். அது அண்ணனால் கோர்வையாகப் பேச முடிந்த காலம். அந்தச் சிரிப்பை நினைத்து இப்போது சிரிக்கப் போனார், பாதியில் நின்றது. டேல் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார். கைப்பிடிகளை வெளிப்பக்கம் விரித்து வைத்தால்தான் ஸ்டார்ட் ஆகும், பிளேடு ஓடாது, நான் அணைத்து வைத்திருக்கிறேன், ஸ்டார்ட் ஆனதும் கைப்பிடிகளை உள்ளே கொண்டுவந்து மெதுவாகத் தள்ளுங்கள், ஈஷ், குழந்தையைத் தள்ளுவது போல. ஈஷ் என்றுதான் ஆபீஸிலும் கூப்பிடுகிறார்கள். ஈஷின் கையில் ஒன்றும் இல்லை. ஈஸ்வரமூர்த்தியின் கையில்தான் இருக்கிறது.

சாவியைத் திருப்பியதும் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் உறுமியது. அதிர்வு இருக்கை வழியாக ஏறி, தோள் வழியாக இறங்கி, கைப்பிடியைப் பிடித்த விரல்களுக்கு வந்தது. அதில் ஒரு நிம்மதி கிடைத்தது, எதிர்பாராத நிம்மதி. எல்லாமே நடுங்குகிறது, குழியில் டேல் வைத்திருந்த காபிக் கோப்பை நடுங்குகிறது, இதில் எது மெஷின், எது கை என்று யார் கண்டார்கள். தள்ளினார். வண்டி கிளம்பியது. இடது கை ரப்பருக்குள் புதைந்து, இந்தா, இவ்வளவு என்று சொன்னது. வலது கையும் அதையே சொன்னது என்றுதான் அவர் நினைத்தார். சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருப்பார். புல் ஈரமாக இருந்தது. முன்னால் இருக்கிற சின்னச் சக்கரங்கள் இரண்டும் ஈரத்தைக் கிழித்துக்கொண்டு போயின. வேலியில் ஒரு பலகையைக் குறி வைத்துக்கொண்டார், ஆணி துருப்பிடித்து ஒழுகிய கறை உள்ள பலகை. அதற்கு நேராகப் போக வேண்டும். பத்தடி போனதும் பலகை இடது பக்கம் நகர்ந்தது. பலகை நகராது. வலது கையிடம் இன்னும் தள்ளு என்று சொன்னார். சொன்னது போய்ச் சேருவதற்கு, வெளியூருக்குப் போட்ட தபால் மாதிரி, நேரமானது. சேர்ந்ததும் ஒரேயடியாகத் தள்ளியது. வண்டி இடது பக்கம் வெட்டியது. குறைத்தார், மறுபடி வலது பக்கம். வேலிக்கு வந்து நிறுத்தும்போது குறி வைத்த பலகைக்குப் பதினைந்தடி தள்ளி நின்றார். திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். பனி படிந்த புல்லில் இரண்டு தடம், அவர் கையெழுத்து மாதிரியே, பெரிதாக ஆரம்பித்து, நெளிந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி வந்து கிடந்தது. வட்டமாகச் சுற்றித் திருப்பிக்கொண்டு எப்படியோ வந்து சேர்ந்தார். டேல் வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டபடி, "டயரில் காற்றுக் குறைவாக இருக்கும். ஒரு பக்கம் ரெண்டு பவுண்டு குறைந்தால் போதும், இது இழுக்கும். இல்லை என்றால் இரண்டு சக்கரத்தையும் சமன் செய்கிற டிராக்கிங்கைச் சரியாக வைக்கவில்லை. பெட்டியைப் பிரித்து நேற்றுத்தான் வெளியே வைத்தோம். ஒரு நட்டைத் திருகினால் சரியாகிவிடும்," என்றார்.

காற்று. ஈஸ்வரமூர்த்திக்கு உடம்பெல்லாம் இளகியது. காற்றாக இருக்கலாம், ஏன் இருக்கக் கூடாது, இந்த மெஷின்களுக்கு இது சகஜம் என்று அவரே எத்தனை இடத்தில் படித்திருக்கிறார். பதினான்கு பத்தியில் ஒன்பதாவது பத்தியே அதுதானே. இப்படித்தான் அண்ணனுக்குப் பெண் பார்த்தபோதும் நடந்தது. ஊர்க் கோயிலில் பூக் கேட்கப் போனார்கள். சாமியின் இரண்டு தோளிலும் பூவை ஒட்டி வைப்பார்கள்; வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் சாமி சரி சொல்லிவிட்டது என்று அர்த்தம். அரைமணி நேரம் நின்றார்கள். இடப்பக்கத்துப் பூ விழுந்தது. அண்ணனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிருந்தது. "கதவ யாரோ தொறந்தாங்க, காத்து அடிச்சிருச்சு. மறுக்காக் கேளுங்க," என்றார். பூசாரி சிரிக்காமல் மறுபடி பூ வைத்தார். மறுபடியும் இடம். "பூவு ஈரம் பத்தலைங்க," என்றார் அண்ணன். மூன்றாவது தடவை விழுந்தது எந்தப் பக்கம் என்று இப்போது ஈஸ்வரமூர்த்திக்கு ஞாபகம் வரவில்லை. ஆனால் அந்தப் பெண்தான் அண்ணி. அண்ணனுக்கு ஊட்டிவிடுகிற அண்ணி. சாமியை முதல் தடவையிலேயே நம்பியிருந்தால் அண்ணனுக்கு யார் ஊட்டியிருப்பார்கள் என்று ஒரு யோசனை ஓடியது, அது எங்கே கொண்டுபோய் விடுமோ என்று பயந்து அதை அங்கேயே விட்டார். "வேறொன்று ஓட்டிப் பார்க்கிறேன்," என்று டேலிடம் சொன்னபோது தன் குரலில் அண்ணனின் அவசரம் இருப்பது அவருக்கே கேட்டது. அடுத்த மெஷின், அறுபது அங்குலம் வெட்டுவது, எட்டு மாதமாகக் காட்சிக்கு ஓடுகிற வண்டி, டிராக்கிங் பார்த்து வைத்தது, டயரில் காற்றை டேல் கையாலேயே அளந்து காட்டினார். அதில் ஏறினார். துருக் கறைப் பலகையைக் குறி வைக்கவில்லை, இந்தத் தடவை எதையும் குறி வைக்கவில்லை. குறி வைத்ததுதான் தப்பு, யோசித்ததுதான் தப்பு, சும்மா ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். சும்மா ஓட்டினார். சும்மா வலது பக்கம் போனது.

திரும்பி வந்து இறங்கும்போது வாணி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "எதுக்குச் செருப்பைக் கழட்டறே?" "ஏறப் போறேன். நீங்க ரெண்டு ஓட்டிட்டீங்க, நான் ஒண்ணு ஓட்டிப் பாக்கக் கூடாதா?" "உனக்கு எதுக்கு?" என்று கேட்டார். அவள் ஏறக் கூடாது. எதற்காகக் கூடாது என்று சொல்வது. ஸ்கூட்டியைத் தவிர ஒன்றும் ஓட்டாதவளாக இந்த ஊருக்கு வந்து, லைசென்ஸ் பரீட்சையில் மூன்று தடவை தோற்று, நான்காவது தடவை பாஸானவள். அவள் ஓட்டி, அவளுக்கும் வலது பக்கம் இழுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். இழுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்டதற்காக வெட்கப்பட்டார். பெண்டாட்டிக்கு ஓட்ட வராமல் போகட்டும் என்று வேண்டுகிற புருஷன். டேல் அவளுக்கும் அதே பாடத்தைச் சொன்னார். அவள் புடவை கட்டவில்லை, சுடிதார்தான். துப்பட்டாவை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள், வெறுங்காலை மிதியில் வைத்தாள். வண்டி கிளம்பியது. அவள் முதுகு விறைப்பாக இருந்தது, தலை ஆடவில்லை. பத்தடி, முப்பதடி, அறுபதடி. ஈஸ்வரமூர்த்தி தடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி இரண்டு கோடு போய்க்கொண்டே இருந்தது, அவருடைய நெளிவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு. "மேடம் ஏற்கெனவே ஓட்டியிருக்கிறார்களா?" என்றார் டேல். "இல்லை," என்றார். மெஷினில் ஒன்றுமில்லை. காற்றிலும் ஒன்றுமில்லை. வேலியருகே அவள் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள், சந்தோஷம் தாங்காமல் இன்னொரு சுற்று. இங்கிருந்தே அவள் சிரிப்பது தெரிந்தது.

வந்து எஞ்சினை அணைத்தாள். முகமெல்லாம் வேர்த்து, இருபது வயது குறைந்திருந்தது. "ஏனுங்க, இதுக்கா இத்தன சீனு? அஞ்சு மாசமா கம்ப்யூட்டர்ல என்னதான் படிச்சீங்க? எனக்குப் பாருங்க, சொன்ன பேச்சுக் கேக்குது. உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியல. கோணக் கோணையா என்ன கோலமா போட்டீங்க?" என்றாள். "ஆமா," என்றார். "ஆமாவா? காத்து, நட்டுன்னு அவரு பாவம் சமாளிச்சாரு. மனுசன் உங்க மானத்தக் காப்பாத்தறாரு." "ஆமா வாணி. மெஷின்ல ஒண்ணுமில்ல." அதற்கு மேல் சொல்லாமல் இருந்துவிடலாம். அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள், இந்தச் சிரிப்பைப் பார்த்து வெகு நாளாகிறது, இதை இப்போது கெடுப்பானேன், நாளைக்குச் சொல்லலாம், பணம் கட்டி மெஷின் வீட்டுக்கு வந்த பிறகு சொல்லலாம். இப்படித்தான் நவம்பரிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரிந்தது. நாளை என்பது ஏழு வருஷம் வரைக்கும் நீளும். "என் வலது கை சொன்னபடி கேக்கல," என்றார். அவள் இன்னும் சிரிப்பிலேயே இருந்தாள். "அது எப்பத்தான் கேட்டுச்சு?" "வெளையாட்டு இல்ல. அண்ணனுக்கு வந்த மாதிரி." டேல் எதையோ புரிந்துகொண்டவர் போல, உள்ளே போய் விலைப்பட்டியல் எடுத்து வருகிறேன் என்று நகர்ந்தார். வாணியின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை; போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. "எப்ப இருந்து?" "நவம்பர்." அவள் உதடு அசைந்தது. மாதங்களை எண்ணுகிறாள். டிசம்பர், ஜனவரி, அதற்கடுத்ததில் நின்றாள். "அப்ப சபாபதி அண்ணன் வீட்டுத் தட்டு?" அவர் குனிந்து தன் வலது கையைப் பார்த்தார். "நான் உமையாள்கிட்ட அத்தன பேச்சுப் பேசுனனே. நீங்க அடுப்படியிலதான் இருந்தீங்க. கேட்டுட்டுத்தான் இருந்தீங்க." "ஆமா." "ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவ ஓடி வந்திருப்பா. என்னைய பொய்க்காரியா ஆக்கிட்டு, நீங்க எக்செல்லு போட்டுட்டு இருந்தீங்க." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பயமா இருந்துச்சு," என்றார். அந்தச் சொல் வாயிலிருந்து வந்தபோது, இவ்வளவு சின்னச் சொல்லா என்று இருந்தது. பதினான்கு பத்தியிலும் இதற்கு இடமில்லாமல் போய்விட்டது.

அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தார், அழவில்லை. "ஏறுங்க," என்றாள். "எதுக்கு?" "நான் பாக்கணும். ஒளிச்சு ஓட்டாதீங்க, எப்புடி வருதோ அப்புடி ஓட்டுங்க." ஏறினார். சாவியைத் திருப்பினார். அவள் வலப்பக்கம் வந்து, சக்கரத்துக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டாள், கண் அவர் கையிலேயே இருந்தது. தள்ளினார். வலது கை பின்தங்கியது, வண்டி அவள் பக்கம் சாய்ந்து வந்தது, அவள் நகர்ந்துகொண்டாள். ஐந்து மாதமாக யாரும் பார்க்காத கையை ஒருத்தி வெயிலில் நின்று பார்க்கிறாள். கூச்சமாக இருந்தது, கொஞ்ச தூரம் போனதும் கூச்சம் தேய்ந்தது. வலது கையை விரட்டுவதை விட்டார். அது எவ்வளவு தள்ளுகிறதோ தள்ளட்டும் என்று விட்டு, இடது கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார், இது போகிற வேகத்துக்கு நீ வா என்று. வண்டி வேகம் குறைந்தது, குறைந்து நிமிர்ந்தது. வாணி நடக்கிற வேகம்தான். ஆனால் வேலியின் பலகைகள் நகராமல் நின்ற இடத்திலேயே நின்றன. அப்படியே வேலி வரைக்கும் போனார். அங்கே திரும்ப வேண்டும். ஒரு கை முன்னே, ஒரு கை பின்னே. முயற்சி செய்தார், பின்சக்கரம் புல்லைப் பிறாண்டி மண்ணைக் கிளப்பியது, ஜார்ஜியாவின் செம்மண், வண்டி பாதி திரும்பி வேலியைப் பார்த்துச் சாய்வாக நின்றது. "எனக்கு வரல, வாணி. நீ திருப்பு," என்றார். "இறங்குங்க," என்றாள். இறங்கினார், அவள் ஏறினாள். கைப்பிடிகளை உள்ளே இழுத்தவள் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் சத்தத்தில் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்தார். "திங்கக்கெழமை எட்டு மணிக்கே டாக்டர் ஆபீசுக்குப் போன் போடணும். ஒம்போதுக்குப் போட்டா லைன் கிடைக்காது," என்றாள். "நானே போடறேன்," என்றார். "நீங்க போட வேண்டாம், நான் போடறேன். நீங்க பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் சொல்லுங்க. நவம்பர்ல இருந்து. ஒண்ணு விடாம," என்று சொல்லிவிட்டு, வண்டியை ஒரே சுற்றில் திருப்பினாள்.